சீரியல் எழுத்தாளர் ஆகணுமா? உங்கள் கதையை யாரும் கேட்கப் போவதில்லை... அப்போ எதைக் கேட்பார்கள்?

"என்ன கதை இது? இதைவிட நானே நல்லா எழுதுவேன்." இரவு எட்டு மணிக்கு சீரியல் ஓடும் வீடுகளில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த வசனம் வந்துவிடும். சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் விளம்பர இடைவேளை முடிந்ததும் அதை மறந்துவிடுவார்கள். சிலர் மறப்பதில்லை. ஒரு நோட்டு வாங்கி, கூட்டுக் குடும்பம், மூன்று மருமகள்கள், ஒரு சொத்துத் தகராறு என்று எழுதி முடித்து, அதைப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் இருக்கும் தயாரிப்பு அலுவலகங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "கதையெல்லாம் சேனல்ல முடிவு பண்றாங்க தம்பி. நம்பர் குடுத்துட்டுப் போங்க."

கேட்க அவமானமாக இருக்கும்தான். ஆனால் அந்தப் பதிலில் பொய் இல்லை. சீரியல் எழுத்து என்ற வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அதில் புதியவருக்குத் திறக்கும் கதவு எது, உள்ளே போன பிறகு எதை இழக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாமல் போகிறவர்கள்தான் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கதை, திரைக்கதை, வசனம்: ஏன் தனித்தனிப் பெயர்கள்?

எந்த சீரியலின் டைட்டில் கார்டையும் நிறுத்திப் பாருங்கள். கதை ஒருவர், திரைக்கதை இன்னொருவர், வசனம் மூன்றாவது ஒருவர் என்று பெயர்கள் தனித்தனியாக வருவது சகஜம். சினிமாவில் பல இயக்குநர்கள் இந்த மூன்றையும் தங்கள் பெயரிலேயே போட்டுக்கொள்கிறார்கள். சீரியலில் அது கஷ்டம். காரணம் வெறும் கணக்கு.

வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வருஷத்துக்கு 312 எபிசோட். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 20 நிமிடம் என்று வைத்தாலும் 6,240 நிமிடம், அதாவது 104 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படங்களாகக் கணக்குப் போட்டால் ஒரே வருஷத்தில் 40 படங்களுக்கு மேல். 'கோலங்கள்' 2003-ல் தொடங்கி 2009 வரை 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. இதை ஒரு ஆள் அறைக்குள் உட்கார்ந்து எழுதி முடிக்க முடியாது. அதனால்தான் வேலையைத் துண்டு போட்டுப் பிரித்தார்கள்.

அடுத்த சில வாரங்களுக்குக் கதை எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு 'ட்ராக்' என்று பெயர். சேனலின் சீரியல் குழு, தயாரிப்பாளர், கதாசிரியர், இயக்குநர் உட்கார்ந்து அதை முடிவு செய்வார்கள். திரைக்கதை எழுதுபவர் அதை எபிசோட் எபிசோடாக உடைத்து 'ஒன்லைன்' போடுவார். முதல் சீன் சமையலறை, இரண்டாவது சீன் ஆஸ்பத்திரி, எந்த இடத்தில் எபிசோட் உறைந்து நிற்கிறது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். பிறகு அது வசனகர்த்தாவின் கைக்குப் போகும். அவர் எழுதிய சீன் பேப்பர் வாட்ஸ்அப்பில் ஷூட்டிங் ஸ்பாட்டுக்கு வரும். தமிழ் தெரியாத நடிகைக்கு உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக ப்ராம்ப்ட் செய்வார். டப்பிங் கலைஞர் அதற்கு உயிர் கொடுப்பார்.

இது போதாதென்று வியாழக்கிழமை வரும். பார்க் அமைப்பின் வாராந்திர டிஆர்பி வெளியாகும் நாள். எண்ணிக்கை இறங்கினால் போட்டு வைத்த ட்ராக் மாறும். சாக வேண்டியவர் பிழைப்பார், செத்தவர் திரும்பி வருவார். "லாஜிக்கே இல்லையே" என்று மீம் போடுபவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த எபிசோடை எழுதியவருக்கும் மூன்று நாள் முன்புவரை அது தெரியாது.

உங்கள் நோட்டு ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

ஒரு காலத்தில் தயாரிப்பாளரே சேனலிடம் நேரத்தை வாங்கி, விளம்பரமும் பிடித்து சீரியலை ஓட்டும் முறை இருந்தது. அப்போது தயாரிப்பாளருக்குக் கதை பிடித்தால் பாதி வேலை முடிந்தது. இப்போது பெரும்பாலும் சேனல்தான் பணம் போட்டு சீரியலைத் தயாரிக்கச் சொல்கிறது. பணம் போடுகிறவரிடம்தான் கதையும் இருக்கும். அந்தச் சேனல்களுக்கு பல மொழிகளில் சகோதர சேனல்கள் இருக்கின்றன. ஒரு மொழியில் ஓடி நிரூபித்த கதை கையில் இருக்கும்போது, முன்பின் தெரியாதவரின் நோட்டை நம்பி ஏன் இறங்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

விஜய் டிவியின் 'பாக்கியலட்சுமி', வங்க மொழித் தொடரான 'ஸ்ரீமோயி'யின் ரீமேக். 'பாரதி கண்ணம்மா' மலையாளத்தின் 'கருத்தமுத்து'. எதிர்த்திசையிலும் வண்டி ஓடுகிறது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தெலுங்கில் 'வதினம்மா', மலையாளத்தில் 'சாந்த்வனம்', இந்தியில் 'பாண்டியா ஸ்டோர்' என்று போனது. 'சிறகடிக்க ஆசை' இந்தியில் 'உட்னே கி ஆஷா'வாக ஆனது. இந்த இரண்டாவது பட்டியலை மறந்துவிடாதீர்கள். பணம், உரிமை என்று பேசும்போது திரும்பத் தேவைப்படும்.

ஆக, கதையை விற்கப் போகிற புதியவர், அனுபவசாலிகளும் ஏற்கெனவே ஹிட்டான கதைகளும் வரிசையில் நிற்கும் ஜன்னலில் போய் நிற்கிறார். பக்கத்திலேயே இன்னொரு ஜன்னல் இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு.

வசனம் என்ற ஜன்னல்

கொல்கத்தா வீட்டில் நடக்கும் சண்டையை அப்படியே மொழிபெயர்த்து மேடவாக்கத்தில் நடத்த முடியாது. கதை எங்கிருந்து வந்தாலும் பேச்சு இங்கேயே பிறந்தாக வேண்டும். தினமும் புதிதாகப் பிறக்க வேண்டும். இந்த ஓட்டத்தில் வசனகர்த்தாக்கள் களைத்துப் போகிறார்கள், மாறுகிறார்கள், உதவிக்கு ஆள் தேடுகிறார்கள். எப்போதும் ஆள் தேவைப்படும் இடம் என்பதால், புதியவரை "எழுதிக் காட்டு" என்று சொல்லும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம்.

சீரியல் வசனம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். "நீ வேலைக்குப் போகக் கூடாது" என்று மாமியார் சொன்னால் அது தகவல். "போம்மா, தாராளமா போ. என்னைக் கேட்டுட்டா இந்த வீட்ல எல்லாம் நடக்குது?" என்றால் அது சீன். இரண்டாவது வரிக்கு மருமகள் பதில் சொல்லியாக வேண்டும், மகன் தலையைக் குனிந்தாக வேண்டும், கேட்டுக்கொண்டிருக்கும் நாத்தனார் உள்ளே போய் யாருக்காவது போன் பண்ணியாக வேண்டும். ஒரு வரியிலிருந்து அடுத்த மூன்று சீன் கிளம்புகிறது. ஏஐ-யிடம் கேட்டு எழுதி வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான். "நான் உன்னை முழுமையாக நம்பினேன், ஆனால் நீ என் நம்பிக்கையை உடைத்துவிட்டாய்" என்று தமிழ்நாட்டில் எந்த அத்தை பேசுகிறாள்?

இன்னொன்று, சீரியலைப் பாதிப் பேர் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே கேட்கிறார்கள். முகத்தைத் திருப்பிப் பார்க்காமலேயே யார் பேசுகிறார், யாரிடம், எதைப் பற்றி என்று காதுக்குப் புரிய வேண்டும். "வசனத்துல எல்லாத்தையும் சொல்லிடுறாங்க" என்று சினிமாக்காரர்கள் கிண்டல் செய்வதற்கு உண்மையான காரணம் இது. அதே சமயம் நேற்றைய எபிசோடைத் தவறவிட்டவருக்கும் கதை புரிய வேண்டும். தினமும் பார்க்கிறவருக்கோ சலிப்புத் தட்டக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே வரியில் செய்யத் தெரிந்தவருக்கு வேலை உண்டு.

பட்ஜெட்டும் எழுத்துக்குள் வரும். கல்யாண மண்டபத்தில் முப்பது பேர் நிற்கும் சீனை எழுதுவது உங்களுக்கு ஒரு வரி. தயாரிப்பு நிர்வாகிக்கு அது ஒரு நாள் தூக்கம். யாருடைய கால்ஷீட் என்றைக்கு இருக்கிறது, எந்த ஷூட்டிங் வீடு கிடைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் சீன்கள் அமையும். அப்பா கதாபாத்திரம் திடீரென்று "வெளியூர் போயிருக்கார்" என்றால், நடிகருக்கு வேறு படப்பிடிப்பு என்று அர்த்தம். சில நேரம் அதைவிடப் பெரிய அடி விழும். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாகத் தமிழ்நாட்டையே பேச வைத்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று காலமானார். கதையின் நடுத்தூணே இல்லாமல் தொடரை ஓட்ட வேண்டிய நிலை. பிறகு அந்தப் பாத்திரத்தில் வந்த வேல ராமமூர்த்தி 'குற்றப் பரம்பரை' எழுதிய எழுத்தாளர் என்பது தற்செயல். ஆனால் அந்த இடைவெளியை ஒவ்வொரு நாளும் நிரப்பியது பேப்பரும் பேனாவும்தான்.

எழுத்தாளர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

சீரியலின் உண்மையான தாத்தா சினிமா கிடையாது, வார இதழ் தொடர்கதை. வியாழனன்று 'தொடரும்' போட்டு அடுத்த வியாழன் வரை வாசகரைத் தவிக்கவிடும் வித்தையை அங்கே கற்றவர்களுக்கு டிவி புதிதாகத் தெரியவில்லை. 1990-களில் 'மர்ம தேசம்' வந்தபோது பின்னால் இருந்தவர் இந்திரா சௌந்தர்ராஜன். 'மெட்டி ஒலி'க்கு வசனம் எழுதியவர் சிறுகதை எழுத்தாளர் பாஸ்கர் சக்தி. அதே தொடரை இயக்கிய திருமுருகன் 2006-ல் 'எம் மகன்' எடுத்தபோது சினிமாவுக்கும் அந்தக் கூட்டணியே போனது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' எழுதிய ப்ரியா தம்பியும் பத்திரிகை எழுத்திலிருந்து வந்தவர். 'கோலங்கள்', 'திருமதி செல்வம்', 'தென்றல்', 'தெய்வமகள்' தொடர்களைத் தயாரித்த நிறுவனமே விகடன் குழுமத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அச்சில் ஒரு பெயர் இருந்தால் கதவு கொஞ்சம் சுலபமாகத் திறக்கிறது. சிறுகதை போட்டி, வார இதழ் கட்டுரை, நண்பர்களுடன் எடுத்த குறும்படம் என எதுவாக இருந்தாலும் "இவர் எழுதி முடிக்கிற ஆள்" என்பதற்கு அது சாட்சி. 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக் காட்டிய கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் பெரிய திரைக்குப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அச்சில் பெயர் இல்லாதவருக்கு அதிகம் நடக்கப்பட்ட வழி, உதவி இயக்குநராக உள்ளே போவது. பேட்டாவுக்கு வேலை, விடிகாலை கால்ஷீட், நாள் முழுக்க ப்ராம்ப்டிங். ஆனால் ஆறு மாதம் ப்ராம்ப்ட் செய்தவருக்கு எந்த வரி நாக்கில் சிக்கும், எந்த வரி சிக்காது என்று காதே சொல்லிக் கொடுத்துவிடும். ஒருநாள் சீன் பேப்பர் வரத் தாமதமாகும். யூனிட் மொத்தமும் லைட்டைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். "டேய், நீ எழுதுவியே, ரெண்டு பக்கம் அடி" என்று இயக்குநர் சொல்லும் அந்தத் தருணத்தில் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் முதல் வாய்ப்பு. இந்த முறை திறமையைவிட பக்கத்தில் நிற்க முடிந்தவர்களுக்கே சாதகம் என்பதும் உண்மை. சென்னையில் வாடகை கொடுத்து ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க முடிகிறவர், இரவு பதினொரு மணிக்கு ஸ்பாட்டிலிருந்து தனியாக வீடு திரும்ப முடிகிறவர் என்று வடிகட்டினால், யாரெல்லாம் வெளியே நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் பெண்கள் பார்க்கும் தொடர்களை எழுதுவதற்கான வாசல், பெண்களுக்கே குறுகலாக இருக்கிறது.

கையில் என்ன கொண்டுபோவது? ஆயிரம் எபிசோட் கதை வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சீரியலை எடுத்துக்கொண்டு, அதன் பாத்திரங்களை வைத்து நீங்களே மூன்று சீன் எழுதுங்கள். ஒன்று நேரடிச் சண்டை. இன்னொன்றில் யாருமே மனதில் இருப்பதைச் சொல்லக் கூடாது, ஆனால் பார்க்கிறவருக்குப் புரிய வேண்டும். மூன்றாவது, எபிசோட் முடியும் சீன். சீன் எண், இடம், பகலா இரவா, யார் யார் இருக்கிறார்கள் என்ற தலைப்பு வரிகளோடு யூனிகோடில் டைப் செய்த பத்து பக்கம் போதும். ஒரு வசனகர்த்தாவோ இணை இயக்குநரோ டீ குடிக்கும் நேரத்தில் படித்து முடித்துவிடுவார். 200 பக்க நோட்டை அவர் திறக்கவே மாட்டார். நடிகர், நடிகைகளுக்கு இன்ஸ்டாகிராமில் மெசேஜ் அனுப்புவதால் பயன் குறைவு. எழுத்தாளரை வேலைக்கு எடுப்பது அவர்கள் இல்லை. டைட்டில் கார்டில் வசனம், இணை இயக்கம் என்று வருகிற பெயர்களைக் குறித்துக்கொண்டு தேடுவதே சரியான வழி. படித்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்கு தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே இயக்கத்தோடு திரைக்கதையும் சொல்லித் தருகிறார்கள்.

"சீரியலில் எழுத வாய்ப்பு, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். இந்தத் தொழிலில் பணம் தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தாளருக்கு வர வேண்டியது. தாமதமாக வரலாம். எதிர்த்திசையில் மட்டும் போகக் கூடாது.

எழுதுவது ஒருவர், பெயர் இன்னொருவருக்கா?

உள்ளே போவதைவிடப் பெரிய சிக்கல், உள்ளே போன பிறகுதான் தொடங்குகிறது. மூத்த வசனகர்த்தாவுக்கு உதவியாக எழுதுபவரின் பெயர் கார்டில் வராமல் போவது இந்தத் தொழிலில் பழகிப்போன விஷயம். "முதல்ல எழுது, பேர் அப்புறம் பாத்துக்கலாம்." சொல்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவரும் அப்படித்தான் வந்திருப்பார். ஆனால் அடுத்த அலுவலகத்தில் "என்ன பண்ணிருக்கீங்க?" என்று கேட்கும்போது, பெயர் வராத 200 எபிசோடுக்கு மதிப்பு பூஜ்யம். புதிய எழுத்தாளருக்கு சம்பளத்தைவிட அந்த கார்டு முக்கியம் என்று சொல்வது மிகை இல்லை.

சோதனைக்கு ஒரு சீன் எழுதிக் காட்டச் சொன்னால் நியாயம். ஒரு வார எபிசோடுகளை எழுதி வாங்கிக்கொண்டு "சொல்லி அனுப்புறோம்" என்றால் அது சோதனை இல்லை, சம்பளம் இல்லாத வேலை. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை ஒவ்வொரு புதியவரும் தனியாகச் சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டியிருப்பதுதான் அபத்தம். கோடிக்கணக்கில் விளம்பரம் வாங்கும் ஒரு துறைக்கு, "மூன்று சீனுக்கு மேல் எழுதச் சொன்னால் காசு, ஒளிபரப்பானால் பெயர்" என்று ஒரு பக்கத்தில் விதி எழுதுவது கஷ்டமா என்ன? சேனல்கள் வருஷத்துக்கு ஒரு தடவை புது எழுத்தாளர்களிடம் சீன் மாதிரிகளை வெளிப்படையாக வாங்கினால், பக்கத்தில் நிற்க முடியாத திருநெல்வேலிப் பெண்ணும் கதவைத் தட்டலாம். நடிக்க ஆள் தேட ஆடிஷன் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாத வித்தை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் கசப்பான பகுதி. யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. 1978-ல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் சம்பந்தம் செய்யும் தனது நாடகத்தை, வைஜெயந்திமாலா நடித்த 'நியூ டெல்லி' படத்துக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆனந்தின் புகார். கருவும் பொருளும் யாருக்கும் சொந்தமில்லை, அதை எழுதிய விதத்துக்கே பாதுகாப்பு என்று சொல்லி அவர் வழக்கு தள்ளுபடியானது. ஆகவே டீக்கடையில் வாயால் சொன்ன கதை, சொன்ன நிமிடமே காற்றோடு போய்விடும். எழுதிய பக்கங்கள் இருந்தால் மட்டுமே பேச இடம் உண்டு.

அதற்கு நல்ல உதாரணம் தமிழிலேயே இருக்கிறது. வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர் 'செங்கோல்' என்ற கதையை 2007-ல் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்து வைத்திருந்தார். 2018-ல் 'சர்கார்' வெளியாகும் முன், இரண்டும் ஒரே கதை என்று புகார் செய்தார். கரு மட்டுமே ஒன்று என்றது இயக்குநர் தரப்பு. சங்கத் தலைவராக இருந்த கே.பாக்யராஜ் வருண் பக்கம் நின்றார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசத்தில் முடிந்து, டைட்டிலில் வருணுக்கு அங்கீகாரம் தர ஒப்புக்கொண்டார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பு பதிவு செய்த அந்தக் காகிதம் இல்லையென்றால், விஜய் படத்துக்கு எதிராக ஒரு உதவி இயக்குநரின் குரல் எத்தனை தூரம் கேட்டிருக்கும்?

பதிவு செய்ய மத்திய அரசின் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பதிவு கட்டாயம் இல்லை, எழுதிய உடனேயே காப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு என்பது சாட்சி. எழுதியதைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழைய பழக்கம், சங்கப் பதிவுக்கோ அரசுப் பதிவுக்கோ ஈடாகாது.

வேலை கிடைத்த பிறகு வரும் ஒப்பந்தத்துக்கும் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் பொருந்தும். உரிமையை மாற்றிக் கொடுக்கிறவர் எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஐந்து வருஷம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்தெந்த நாட்டுக்கு என்று இல்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். 2012-ல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. தியேட்டர் அல்லாத பயன்பாட்டிலிருந்து எழுத்தாளருக்கு வர வேண்டிய ராயல்டி பங்கை அவரே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே தரலாம். சீரியலும் ஒளிப்பதிவுதான் என்பதால், சட்டத்தின் 'சினிமாட்டோகிராஃப் ஃபிலிம்' வரையறைக்குள் அதுவும் வரும். மாதச் சம்பள ஊழியராக எழுதினால் மட்டும் கணக்கு மாறும். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அந்த எழுத்தின் முதல் உரிமையாளர் முதலாளிதான்.

57-வது பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளலாம். காப்புரிமையை விற்ற பிறகும் "இதை எழுதியது நான்" என்று உரிமை கோரும் உரிமை எழுத்தாளரிடமே இருக்கும். கார்டில் பெயர் கேட்பதற்குப் பின்னால் இந்தப் பிரிவு நிற்கிறது. கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லை.

சட்டம் இவ்வளவு தருகிறது, நடைமுறையில் பல புதியவர்கள் கையில் ஒரு காகிதம்கூட இருப்பதில்லை. முன்னால் சொன்ன இரண்டாவது பட்டியல் இங்கேதான் வேலை செய்கிறது. ஒரு தமிழ் சீரியல் நான்கு மொழிக்குப் போனால், அந்தப் பணத்தில் எழுத்தாளருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது முதல் நாள் கையெழுத்துப் போட்ட தாளில் ரீமேக் உரிமை பற்றி என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற நாளும் அதே நாள்தான்.

ஓடிடி இதையெல்லாம் மாற்றிவிடுமா?

கொஞ்சம். 2022-ல் வந்த 'சுழல்', 2023-ல் வந்த 'அயலி' இரண்டுமே எட்டு எபிசோட் தொடர்கள். முழுக்கதையும் முன்கூட்டியே எழுதி முடிக்கப்படும், வியாழக்கிழமை பயம் இல்லை. 'அயலி' இயக்குநர் முத்துக்குமாருக்கு அதுதான் முதல் தொடர். புது ஆட்களின் புதுக் கதைக்கு இடம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் தமிழில் ஒரு வருஷத்தில் வரும் ஒரிஜினல் வெப் சீரிஸ்கள் கொஞ்சம்தான். சீரியலோ தினமும் பசிக்கிற வயிறு. அயலி மாதிரி ஒன்றை எழுத ஆசைப்படுகிறவர், வாடகைக்கு சீரியல் வசனம் எழுதிக்கொண்டே அதைச் செய்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

முதல் அழைப்பு பெரும்பாலும் இரவில் வரும். "காலைல ஏழு மணிக்கு ரெண்டு சீன் வேணும், முடியுமா?" முடியும் என்று சொல்லுங்கள். எழுதியதை வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக்கி, சீரியல் பெயர், எபிசோட் எண், தேதி, உங்கள் பெயர் போட்டு மெயிலில் அனுப்புங்கள். ஸ்பாட்டுக்கு அவசரம் என்றால் அதே கோப்பை வாட்ஸ்அப்பிலும் போடலாம். மெயிலின் கடைசியில், எபிசோடுக்கு எவ்வளவு, கார்டில் பெயர் எப்போதிலிருந்து என்று இரண்டு வரி கேட்டு வையுங்கள். பதில் உடனே வராது. இருந்தாலும் கேட்ட தேதி அந்த மெயிலில் இருக்கும்.